அரசு இல்லாத சந்தையில் ஏழைக்கு நியாயம் கிடைக்குமா? ஒரு மாலையில் சோதித்துப் பார்க்கும் வழி

"அரசாங்கமே வேண்டாம், போலீஸ், கோர்ட், சட்டம் எல்லாவற்றையும் சந்தையே பார்த்துக்கொள்ளும்" என்று வாதாடுகிறவர்களை இப்போது சென்னையில் அடிக்கடி பார்க்க முடிகிறது. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களுக்குக் கீழே இருக்கும் டீக்கடைகளில், கல்லூரி விடுதிகளில், சொந்தமாகக் கடை வைத்திருக்கும் சித்தப்பா வாயில்கூட இந்தப் பேச்சு வருகிறது. கேட்கிறவர்கள் ஒன்று, "அப்போ ரவுடி ராஜ்யம்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் நாலு வீடியோ பார்த்துவிட்டு முழுசாக நம்பிவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்க யாரும் உட்காருவதில்லை. சொத்து யாரிடம் போய்ச் சேரும், சட்டத்தை யார் எழுதுவார்கள், பலமில்லாதவன் பலசாலி மேல் வழக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் பொழுதுபோக்குக் கேள்விகள் கிடையாது. நம் ஊரில் கடன், வாடகை, சீட்டு, கூலி, தண்ணீர் என்று பாதி வாழ்க்கை ஏற்கெனவே அரசின் கை எட்டாத இடத்தில்தான் நடக்கிறது. அதனால் இதை உருப்படியாக யோசிக்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று நான்கு பேர், ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மாலை நேரம், இது போதும்.

முதல் வேலை, அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு எழுதுவது

நோட்டின் முதல் பக்கத்தில், அந்தக் கருத்தை நம்புகிறவர் படித்தால் "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்டும்படி எழுதுங்கள். இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் மாலை முழுக்க வீண்.

ஆரம்பம் பழையது. கஸ்தாவ் தெ மொலினாரி என்ற பெல்ஜியப் பொருளாதார அறிஞர் 1849லேயே கேட்டார்: மற்ற சரக்குகளில் எல்லாம் ஏகபோகம் கெடுதல், போட்டி நல்லது என்றால், பாதுகாப்பு என்ற சரக்கில் மட்டும் ஏகபோகம் எப்படி நல்லதாகும்? அதிலிருந்து வளர்ந்த சித்திரம் இதுதான். ஒவ்வொருவரும் மாதக் கட்டணம் கட்டி ஒரு காப்பு நிறுவனத்தில், அதாவது காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்புக் கொடுக்கும் தனியார் கம்பெனியில், சேருவார்கள். உங்கள் நிறுவனத்துக்கும் எதிராளியின் நிறுவனத்துக்கும் தகராறு வந்தால், அடிதடிக்குச் செலவு அதிகம் என்பதால், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நடுவரிடம் இருவரும் போவார்கள். நடுவர்களின் தீர்ப்புகள் சேரச் சேரச் சட்டம் உருவாகும். யாரும் உட்கார்ந்து இயற்ற வேண்டியதில்லை. சொத்து என்பது யாரும் தொடாததை முதலில் பயன்படுத்தியவருக்கும், அவரிடம் மனமொப்பி வாங்கியவருக்கும் சொந்தம். ஏற்றத்தாழ்வு இருக்கும். ஆனால் பிடுங்கிச் சேர்த்ததாக இருக்காது, அதனால் அதில் அநியாயம் இல்லை என்பார்கள்.

ஆக, சட்டமே இல்லாத ஊரைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சட்டத்தை விலை கொடுத்து வாங்கும் ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அவர்களின் பலமான வாதம் இன்னொன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுங்கள்: அரசு இருப்பதாலேயே ஏழைக்குப் பாதுகாப்பு என்று யார் சொன்னது? சென்னையிலேயே இதற்குச் சரித்திரம் உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கத்து பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சென்னைத் தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1920-21ல் ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையாணை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. ஆட்களைச் சேர்த்துச் சங்கம் வைத்ததற்கு அரசின் கோர்ட் கொடுத்த பதில் அதுதான். சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1926ல்தான் வந்தது. "அரசு என்றால் எளியவனின் காவலன்" என்று ஆரம்பிக்கிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கதைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அப்புறம் ஒரு விதி. நிஜ அரசை நிஜச் சந்தையோடு ஒப்பிடுங்கள், அல்லது கனவு அரசைக் கனவுச் சந்தையோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் வாய்தா வாய்தாவாக இழுக்கும் கோர்ட்டையும் மறுபக்கம் புத்தகத்தில் வரையப்பட்ட நேர்மையான நடுவரையும் வைத்தால் முடிவு முன்பே தெரிந்த போட்டி. எதிர்த்தரப்பும் இதே தப்பைத் திருப்பிச் செய்கிறது. யாராவது கலந்தடித்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு வழக்கை எடுங்கள், சின்ன வழக்காக

கொலை, படையெடுப்பு, அணுகுண்டு என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கே போனால் ஆளாளுக்குக் கற்பனைக் கதை சொல்வார்கள். பணம் சம்பந்தப்பட்ட, தெருவில் தினமும் நடக்கிற, இரண்டு பக்கமும் பலம் சமமில்லாத வழக்காக எடுங்கள். சென்னைக்காரர்களுக்கு என் சிபாரிசு, வீட்டு அட்வான்ஸ்.

வேளச்சேரியில் ஒரு போர்ஷன் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 12,000, பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. குடியிருந்தவர் உணவு டெலிவரி செய்கிறவர், வீட்டுக்காரருக்கு நாலு வீடு. காலி செய்யும்போது வீட்டுக்காரர் 70,000 கொடுக்கிறார். பெயிண்டிங், பாத்ரூம் குழாய், கதவு என்று 50,000 பிடித்துக்கொண்டார். குழாய் குடிவரும்போதே ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அந்த 50,000 இன்றைக்கே வேண்டும்.

இதை அரசில்லாத ஊரில் ஓட்டிப் பாருங்கள். குடியிருந்தவர் மலிவான காப்புத் திட்டத்தில்தான் இருப்பார், வீட்டுக்காரர் பெரிய திட்டத்தில். முதல் ஆளின் நிறுவனம் கணக்குப் போடும்: நடுவர் கட்டணம், ஆள் செலவு, எதிர்த்தரப்பு இழுத்தடிக்கும் மாதங்கள் எல்லாம் சேர்த்தால் 50,000க்கு லாயக்கில்லாத வழக்கு. "20,000 வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் 30,000 ஏழையிடமிருந்து பணக்காரருக்குப் போய்விட்டது.

இங்கே சந்தைக்காரர், அதாவது எல்லாவற்றையும் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று வாதாடுகிறவர், சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. அவரிடம் நல்ல பதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்க வேண்டியதுதான் இந்த மாலையின் பெரிய வேலை.

முதல் பதில்: அட்வான்ஸை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் மூன்றாவது ஆளிடம் வைக்கலாம், இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது வெளியே வரும். அருமையான யோசனை, அரசு இருக்கும் இன்றைக்கே செய்யலாம். பின் ஏன் செய்வதில்லை? ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது வீட்டுக்காரர் எதற்கு ஒப்புக்கொள்வார்? இதே காரணத்தால்தான் அரசின் சட்டமும் தடுமாறுகிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் வருட வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற சந்து வழியாக ஐந்து மாதமும் பத்து மாதமும் வந்துவிடுகிறது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பேரம் பேசும் பலம் இல்லாதவனுக்கு ஒப்பந்தச் சுதந்திரம் பாதிதான் உதவும், எந்த ஆட்சியிலும்.

இரண்டாவது பதில்: பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஏமாற்றும் வீட்டுக்காரருக்கு ஆள் கிடைக்காது என்பார்கள். இது எங்கே நிஜமாகவே வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போங்கள். 1996ல் கொத்தவால்சாவடியிலிருந்து அங்கே மாறிவந்த வியாபாரம் இன்றைக்கும் பெரிய அளவில் வாய்ச்சொல்லில் ஓடுகிறது. விடிவதற்குள் லாரிச் சரக்கு இறங்கிவிடும், சில்லறை வியாபாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார், கணக்கு ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும், பணம் பிறகு வரும். கோர்ட்டைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் இன்று ஏமாற்றியவர் நாளை விடியற்காலையில் எந்த மண்டி வாசலிலும் நிற்க முடியாது. அரசில்லாமலும் ஒழுங்கு சாத்தியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி சென்னையில் கிடையாது, இதை மனதார ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். அந்த இருவரும் நாளையும் சந்திக்கப்போகிறார்கள், இருவருக்கும் ஒருவரை ஒருவர் தேவை. அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் மண்டிக்காரருக்கும் நடுவில் கூலித் தகராறு வந்தால் இந்தப் பயம் அவ்வளவாக வேலை செய்யாது, அவர் போனால் இன்னொருவர் தூக்குவார். நம் வீட்டுக்காரரும் இந்த ஆளை மறுபடி பார்க்கப்போவதில்லை.

மூன்றாவது பதில்தான் எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியமானது. வழக்கையே விற்றுவிடலாம். ஐஸ்லாந்தில் 930லிருந்து 1262 வரை ராஜா இல்லை, போலீஸ் இல்லை, சட்டமும் வழக்கு மன்றங்களும் மட்டும் இருந்தன. பாதிக்கப்பட்டவர் பலமில்லாதவராக இருந்தால் தன் நஷ்டஈட்டு உரிமையைப் பலசாலி ஒருவருக்கு மாற்றிக்கொடுத்துவிடலாம், அவர் வழக்கு நடத்தி வசூலித்துக்கொள்வார். நம் வேளச்சேரிக்காரர் தன் 50,000 உரிமையை ஒரு வசூல் நிறுவனத்துக்கு 30,000க்கு விற்றுவிட்டு இன்றைக்கே அட்வான்ஸ் கட்டலாம். அந்த நிறுவனம் இதைப் போல நூறு வழக்குகளைச் சேர்த்துவைத்தால் வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். ஏழை தனியாக நிற்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம். சரி, விலை யார் கையில்? வழக்கை வாங்குகிறவர்கள் நிறையப் பேர் போட்டி போட்டால் 40,000 கிடைக்கும், ஒரே ஒருவர் இருந்தால் 10,000 கிடைக்கும். ஐஸ்லாந்தில் தலைமைப் பதவிகள் கடைசி நூறு வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களிடம் குவிந்தன, அவை ஒன்றோடொன்று மோதின, கடைசியில் நார்வே ராஜாவுக்குக் கீழே போனார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது சாதனைதான். எந்த இடத்தில் உடைந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நடுவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

இந்தக் கேள்வியை எந்த வழக்கிலும் விடாதீர்கள். தனியார் நீதி எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை, 1996ஆம் வருட நடுவர் மன்றச் சட்டத்தின் கீழ் அது நம்மிடம் இருக்கிறது. வண்டிக் கடன் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் நடுவர்தான் விசாரிப்பார் என்று இருக்கும். கடன் வாங்குகிறவர் அதைப் படிப்பதே இல்லை, படித்தாலும் மாற்ற முடியாது. தவணை தவறிய பிறகு, பெயரே கேள்விப்படாத ஒருவரிடமிருந்து நோட்டீஸ் வரும்போதுதான் தன் வழக்கின் நீதிபதியை எதிராளி தேர்ந்தெடுத்துவிட்டார் என்பது தெரியும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் ஒருதலைப்பட்சமாகத் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சந்தைக்காரர் சொல்வார், பாரபட்சமான நடுவருக்கு வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று. இதற்கு நான் கேட்கச் சொல்லும் கேள்வி: அந்த நடுவருக்கு மறுபடி மறுபடி வேலை கொடுப்பவர் யார்? வருஷத்துக்கு ஆயிரம் வழக்கு அனுப்பும் கம்பெனியா, வாழ்நாளில் ஒரு முறை வரும் கடன்காரரா? நடுவர் யார் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறாரோ அந்தப் பக்கம் தராசு சாயும். இரண்டு பெரிய வியாபாரிகளுக்கு நடுவில் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, அங்கே தனியார் நடுவர் கோர்ட்டைவிட வேகமாகவும் நன்றாகவும் வேலை செய்வார்.

தோற்றவன் கேட்காவிட்டால்?

இங்கே சென்னைக் கடற்கரை நமக்குப் பெரிய பாடம். காசிமேட்டுக்குத் தெற்கே மீனவக் குப்பங்களில் ஊர் பஞ்சாயத்து தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எந்த வலை போடலாம், எதைப் போடக் கூடாது, சண்டை வந்தால் யார் எவ்வளவு அபராதம் கட்ட வேண்டும், கோயில் வரி எவ்வளவு என்று ஊரே கூடி முடிவெடுக்கும். வெளியாட்கள் நினைப்பதைவிட அது ஒழுங்கான அமைப்பு, கடலில் யாருக்கு என்ன உரிமை என்பதை எந்த அரசு அலுவலகத்தையும்விட நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறது. தீர்ப்பை மதிக்காதவரை ஊர்விலக்கு செய்வார்கள், அவரோடு பேச்சு, கொடுக்கல் வாங்கல் எதுவும் இருக்காது. அந்த ஊரிலேயே வாழ வேண்டியவருக்கு அது ஜெயிலைவிடப் பெரிய தண்டனை. ஆனால் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கப்படி பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது, கரையில் மீன் விற்று வீட்டை நடத்துவது அவர்கள்தான் என்றாலும்.

யார் உறுப்பினர் என்பது எல்லாச் சுயாட்சிக்கும் உள்ள கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் போய்வாருங்கள், காஞ்சிபுரத்துக்குப் பக்கம்தான். பராந்தக சோழன் காலத்தில், 921ல் வெட்டிய, ஊர்ச்சபைத் தேர்தலைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டில், கணக்குக் காட்டாத பழைய உறுப்பினரையும் அவருடைய உறவினரையும் தள்ளிவைக்கும் கடுமையான விதி இருக்கிறது, படிக்கவே பெருமையாக இருக்கும். அதே கல்வெட்டில், பொதுவாகக் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருப்பவர் பெயரைத்தான் குடத்தில் போடலாம் என்றும் இருக்கிறது.

அடுத்து, இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, கட்டப்பஞ்சாயத்து. நிலத் தகராறு, கடன், குடும்பச் சண்டை எதுவானாலும் ஒரு "அண்ணன்" ஆபீஸில் போய் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு, வசூலில் பங்கு அவருக்கு. 2011ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இது சட்டவிரோதம், ஒடுக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் மக்கள் ஏன் போகிறார்கள்? சிவில் வழக்குப் போட்டால் பிள்ளை வளர்ந்து கல்யாணம் ஆகும் வரை இழுக்கும் என்பதால்தான். சந்தைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: நீங்கள் சொல்லும் காப்பு நிறுவனத்துக்கும் இந்த அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? நல்ல பதில் இருக்கிறது, வரும் வரை விடாதீர்கள். இரண்டு தரப்பும் தகராறுக்கு முன்பே சம்மதித்திருக்க வேண்டும், அண்ணனுக்கு வழக்கில் பங்கு இருக்கக் கூடாது, தீர்ப்பு பிடிக்காதவர் உயிர் பயமில்லாமல் வேறொருவரிடம் மேல்முறையீடு போக முடிய வேண்டும். இந்த மூன்றையும் காப்பாற்ற அந்த ஊரில் என்ன ஏற்பாடு என்பதுதான் உண்மையான விவாதம். போட்டி நிறுவனங்கள் காப்பாற்றும் என்றால், அவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்று கேளுங்கள். 2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் போட்ட பிறகும் கந்துவட்டிக்காரர் மேல் புகார் கொடுக்கப் பயப்படும் ஊர் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

சீட்டில் ஒரு வழி தெரிகிறது

வசூலுக்கு ஆளை அனுப்பாமலே நியாயத்தைக் காப்பாற்ற ஒரு பழைய ஏற்பாடு நம் தெருவிலேயே இருக்கிறது. ஏலச்சீட்டு. இருபது பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் மூன்றாவது மாதமே 20,000 தள்ளி 80,000க்கு எடுக்கிறார், அந்தத் தள்ளுபடி இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000 என்று பிரிகிறது, நடத்துபவரின் கமிஷனை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சீட்டை எடுத்தவர் இன்னும் பதினேழு மாதம் கட்ட வேண்டும். கட்டாமல் போனால்? அதனால்தான் பணம் கொடுக்கும்போதே ஜாமீன் கேட்கிறார்கள். சீட்டு நடத்துபவரே ஓடிவிட்டால்? அங்கேதான் தெருச்சீட்டு கவிழ்கிறது, எத்தனையோ வீடுகளில் நகை போனது அப்படித்தான். 1982ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டம் செய்த காரியம், நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை முன்கூட்டியே வைக்கச் சொன்னது, அவருடைய கமிஷனுக்கும் உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்பு 5 சதவீதமாக இருந்து 2019ல் 7 ஆனது.

அரசில்லாத ஊரிலும் இந்தப் பிணை யோசனை செல்லும். பலசாலியாக இருப்பவர் தகராறுக்கு முன்பே, தன் கைக்கு எட்டாத இடத்தில், பணம் வைத்திருக்க வேண்டும். தோற்றால் அது தானாகப் போக வேண்டும். ஏழையால் பணக்காரரிடம் போய் வசூலிக்க முடியாது என்ற பிரச்சினைக்கு நான் பார்த்த பதில்களில் இதுதான் உருப்படியானது. நம் அட்வான்ஸ் வழக்கில் இது தலைகீழாக நடக்கிறது, பிணையைப் பலமில்லாதவர் பலசாலியின் பையில் வைத்திருக்கிறார். வண்டிக் கடனில், கூலியில், ஒப்பந்த வேலையில் பிணை யார் பையில் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

விலகிப் போக முடியுமா?

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டபோது சென்னையின் பல பகுதிகள் தனியார் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருந்தன. விலை ஏறிக்கொண்டே போனது, காசு கொடுத்தும் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். லாரிகள் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், அது நிஜம். ஆனால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் புறநகர் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து வந்தது. ஒருவர் தன் கிணற்றிலிருந்து மனமொப்பி விற்றால் பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறும் சேர்ந்து இறங்குகிறது, அவரை யாரும் கேட்கவில்லை. வாங்குபவரும் விற்பவரும் சம்மதித்தால் போதும் என்ற கணக்கு நிலத்தடி நீரில் செல்லாது. இதற்காகவே சென்னைப் பெருநகருக்கு 1987லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது, இருந்தும் 2019 நடந்தது. நோட்டில் அரசுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று என்று இரண்டு பத்தி வைத்து, இரண்டிலும் இதைப் பதிவு செய்யுங்கள். வாங்குபவருக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடிகிற சரக்குக்கும், சொல்ல முடியாத சரக்குக்கும் ஒரே விதி போட்டால் இடிக்கும்.

முதல் சொத்து யாருடையது?

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதை முதலில் எடுத்தால் மற்றது எதுவும் பேச முடியாது. மனமொப்பிய பரிமாற்றத்தால் வந்த சொத்து நியாயமானது என்றால், முதல் கை எது என்று கேட்டாக வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் ஏராளமாக மற்றவர்கள் கைக்குப் போய்விட்டன. 1994ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலுள்ள காரணை கிராமத்தில் நிலத்தை மீட்கப் போராடினார்கள், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்த வழக்கை மேஜையில் வைத்துச் சந்தைக்காரரிடம் கேளுங்கள். அவர் நேர்மையானவராக இருந்தால், திருடிய சொத்து எத்தனை கை மாறினாலும் திருட்டுச் சொத்துதான், திருப்பித் தர வேண்டும் என்பார், அவருடைய கொள்கையே அதைத்தான் சொல்கிறது. நாளை காலை அரசு மறைந்தால் அந்த நிலம் யார் கையில் இருக்கும்? இன்றைக்கு வேலி போட்டிருப்பவர் கையில். அவருடைய காப்பு நிறுவனம் பெரியது. உரிமை கேட்கிறவரிடம் நூறு வருஷத்துக்கு முந்தைய பட்டா நகல்கூட இருக்காது. பொது ஆவணம் வைத்திருந்த தாலுகா அலுவலகமும் மறைந்துவிட்டது. பழைய கணக்கை நேர்செய்யாமல் புது விதியை ஆரம்பித்தால், பிடுங்கியவனுக்கு அன்றைக்கே சுத்தமான பத்திரம் கிடைத்துவிடும்.

உடனே மறுபக்கத்தையும் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். அரசு இருந்தது, நிபந்தனை இருந்தது, பதிவேடு இருந்தது, நிலம் போனது எப்படி? பதிவு அலுவலகத்தின் கண் எதிரேதான் போயிற்று. கேட்டவர்கள் மேல் சுட்டதும் அரசின் துப்பாக்கிதான். இந்த வழக்கில் இரண்டு பத்தியிலுமே சங்கடமான பதில்கள்தான் வரும். என் கணிப்பு: அரசுப் பத்தியில் குறைந்தபட்சம் ஆவணம், போராட ஒரு வாசல், தோற்றாலும் மறுபடி கேட்க ஒரு சட்டம் மிஞ்சுகிறது. சந்தைப் பத்தியில் அந்த வாசலுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று எனக்கு யாரும் திருப்தியாகச் சொன்னதில்லை.

பேச்சை நடத்தும் விதம்

நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக்குங்கள், இடதில் இன்றைய அரசு, வலதில் அரசில்லாத சந்தை. ஒவ்வொரு வழக்குக்கும் கீழே: முதல் சொத்து யாருடையது, நடுவரை யார் எடுத்தார், செலவு யாருடையது, தோற்றவர் கேட்காவிட்டால் என்ன, பலமில்லாதவர் விலக முடியுமா. பாதி நேரம் ஆனதும் ஆட்களை மாற்றி உட்காரவையுங்கள், அரசை ஆதரித்தவர் சந்தைக்காகப் பேச வேண்டும், சந்தைக்காரர் அரசுக்காக. இதை மட்டும் தவிர்க்காதீர்கள், எல்லோரும் உண்மையாக யோசிக்க ஆரம்பிப்பது இங்கேதான். "அப்படி நடக்காது" என்று யாராவது சொன்னால், நடக்காமல் தடுப்பது எது, அதற்கு யார் காசு கொடுக்கிறார் என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

மாலை முடிவில் யார் ஜெயித்தார்கள் என்று ஓட்டெடுக்க வேண்டாம். அதற்குப் பதில் அவரவர் கையில் இருக்கும் ஒரு நிஜ ஒப்பந்தத்தை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், வாடகையோ சீட்டோ கூட்டு வியாபாரமோ வீட்டுக் காண்ட்ராக்டோ. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதில் சேர்க்க மூன்று வரி எழுதுங்கள்: தகராறு வந்தால் இருவரும் சேர்ந்து இன்றைக்கே பெயர் குறிக்கும், இருவருக்கும் உறவோ கடனோ இல்லாத நடுவர் யார், அவருடைய செலவை யார், எந்தக் கணக்கில் கொடுப்பது, தோற்றவர் கொடுக்காவிட்டால் எந்தப் பிணையிலிருந்து எடுப்பது. வாடகை ஒப்பந்தம் என்றால் நாலாவதாக ஒன்று, குடிவரும் அன்றைக்கே குழாய், கதவு, சுவர் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது. எதிர்த்தரப்பு இதில் எந்த வரிக்கு மறுப்புச் சொல்கிறது என்பதை நோட்டில் குறித்துவையுங்கள், அடுத்த மாலை உட்காரும்போது அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.